பித்தளைத் தகட்டுக்கு ஒரு வரி

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஹீத் எழுந்து கெட்டிலைப் போட்டான். தண்ணீர் கொதிப்பதற்குள் பின்கதவைத் திறந்து கோழிகளுக்குத் தீனி வைத்தான். நான்கு முட்டை. புல்லின் மேல் உறைபனி. உள்ளே வந்து டீ குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். ஓட்ஸ் கஞ்சி வைத்தான். ஆறு மணிக்கு மகள் பிப்பை எழுப்பினான். ஏழு வயதுக்காரி கஞ்சியில் பாதியைச் சாப்பிட்டாள். மீதிப் பாதியை அவன் நின்றபடியே சாப்பிட்டான். பிறகு அவள் தலையைப் பின்னினான். மூன்று முறை பின்னினான். மூன்றாவது, இரண்டாவதைவிட மோசமாக வந்தது.

“விடுப்பா. தொப்பி போட்டுக்கறேன்,” என்றாள் பிப்.

பதினாறு வாரமாக இதே வரிசைதான். இன்று சனிக்கிழமை என்பதால் பள்ளிச் சீருடைக்குப் பதில் இருவரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆகஸ்டில் குளிர்காலம் வரும் மல்லாரா என்ற ஊரில், அந்த மாதத்து முதல் சனி, லாமிங்டன் நாள். ஸ்பாஞ்ச் கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட்டில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டி, டஜன் டஜனாகப் பெட்டியில் அடைத்து, முன்பே எழுதிக்கொடுத்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வரும் பணம் ஒரு வருடம் நீச்சல் குளத்துக்கு, மறு வருடம் தீயணைப்புத் தொண்டர்களுக்கு. எண்ணூறு பேர் உள்ள ஊர். இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு டஜன் கேட்டிருந்தார்கள். இது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடமாக இதை நடத்தியவள் மார்னி. ஹீத்தின் மனைவி, பிப்பின் அம்மா. ஏப்ரலில் இறந்துபோனாள். முப்பத்து நான்கு வயது.

ஹீத் நன்றாகத் தாங்கிக்கொள்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது தாங்குவது இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மரப்பு இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான். அவன் வேளாண்மை படித்தவன். பண்ணை பண்ணையாகப் போய் மண்ணைப் பரிசோதித்து, எதை விதைக்கலாம் எதை விதைக்கக்கூடாது என்று சொல்வது அவன் வேலை. அதை ஒரு நாள் விடாமல் செய்தான். பேசினால் பதில் சொன்னான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவன் சொன்ன பொய்.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஊர் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளெனிஸ் டூஹி அவனிடம் வந்தார். அறுபத்தெட்டு வயது. ஊரில் எந்தக் குழு கூடினாலும் அவர்தான் தலைவி, மார்னிதான் செயலாளர். கையில் பெரிய டீ கெட்டிலோடு வந்து, “கடைசியா என்ன சொன்னா கண்ணு?” என்று கேட்டார். ஹீத்தின் வாயில் முட்டை சாண்ட்விச் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, “எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்கன்னு சொன்னா,” என்றான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதோ காப்பீட்டு விளம்பரத்தில் கேட்டதாக இருக்கலாம்.

கிளெனிஸ் அழுதார். டீ கெட்டில் சரிந்து யாரோ ஒருவருடைய ஷூவில் ஊற்றியது. சாயங்காலத்துக்குள் அந்த வரி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறு ஞாயிறு பாதிரியார் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார். பள்ளிச் செய்தித்தாளில் வந்தது. நெட்பால் விளையாடும் பெண்கள் அதை மணிக்கட்டுப் பட்டையில் அச்சடித்துக்கொண்டார்கள். கறிக்கடைக்காரர் ஆட்டுத்தொடை விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதிவைத்தார்.

இப்போது ஹாலில் புதிதாகக் கட்டிய சமையலறைக்கு மார்னியின் பெயரை வைக்கிறார்கள். பரிமாறும் மேடைக்கு மேலே பித்தளைத் தகடு. அதில் அந்த வரியை வெட்டுவதாகத் திட்டம். வெட்டுகிறவர் இன்று பன்னிரண்டு மணிக்குள் வாசகத்தைச் சொல்லியாக வேண்டும் என்றிருந்தார். ஹீத் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிரச்சினை பிப். மூன்று வாரத்துக்கு முன் குளிக்கும்போது அவள் சொன்னாள்: “அம்மா அப்படிப் பேசமாட்டாளே. ‘ஷூவ எடுத்து உள்ள வை’ன்னுதான பேசுவா.” காதைத் தேய்த்துக் குளி என்று ஹீத் பேச்சை மாற்றினான். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் யாராவது அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள். செய்தித்தாளில் வந்தது மக்கிப்போகும். பித்தளை மக்காது. பிப் வளர்ந்து அதே மேடையில் சாண்ட்விச் அடுக்குவாள். ஒவ்வொரு முறையும் அண்ணாந்து அதைப் படிப்பாள். படிக்கப் படிக்க அவள் அம்மா வேறு யாரோவாக ஆகிக்கொண்டே போவாள். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் உண்மையில் மார்னி சொன்னது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. தவிர, அதைச் சொன்னால் அவள் மூச்சு நின்றபோது தான் அந்த அறையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது மணி ஆறு நாற்பது. முப்பத்தோரு பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நடுவில் நீள மேசைகள். ஒரு பக்கம் சாக்லேட் கைகள், மறுபக்கம் தேங்காய்க் கைகள். இந்த இரண்டும் கலக்கக்கூடாது என்பது மல்லாராவின் எழுதாத சட்டம். கலந்தால் துருவல் கட்டிகட்டியாகப் போகும். சாக்லேட் பக்கம் உட்கார வேண்டுமானால் குறைந்தது பத்து வருடம் தேங்காய்ப் பக்கம் உழைத்திருக்க வேண்டும். தீயணைப்புப் படைத் தலைவன் வின்ஸ் ஒரு காலத்தில் சாக்லேட் பக்கம் இருந்தவன். முள்கரண்டியை நக்கியதை மார்னி பார்த்துவிட்டாள். எட்டு வருடமாகத் தேங்காய்ப் பக்கம்தான் உட்காருகிறான். அவள் போன பிறகும் இடம் மாறி உட்கார அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

சாக்லேட் உருகி, வெந்நீர்ப் பாத்திரங்களின் மேல் மினுமினுத்துக்கொண்டிருந்தது. துருவல் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியாகிவிட்டது. பெட்டிகளை மடித்து அடுக்கியாகிவிட்டது. கிளெனிஸ் கையைத் தட்டி, கேக்கைக் கொண்டுவாருங்கள் என்றார்.

யாரும் நகரவில்லை.

வின்ஸ் எழுந்துபோய்க் குளிரறையைத் திறந்தான். உள்ளே கால்பந்துக் குழுவின் இரண்டு பீர் பீப்பாய்கள் இருந்தன. கேக் இல்லை.

நடந்தது இதுதான். மார்னி இறந்த பிறகு குழு கூடி, அவள் செய்துவந்த வேலைகளையெல்லாம் பலகையில் எழுதியது. இருபத்து மூன்று வந்தது. நீச்சல் குளத்துக் காவல் முறை, முதியவர் வீடுகளுக்குச் சாப்பாடு, தீயணைப்பு வயர்லெஸ், ரத்ததான வண்டிக்கு ஆள் சேர்ப்பது, நெட்பால் உடைகளைத் துவைப்பது என்று வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் போட்டார்கள். லாமிங்டன் நாள் வேலையை மட்டும் ஆறாகப் பிரித்து ஆறு பேரிடம் கொடுத்தார்கள். கேக் தயாரிக்கும் பேக்கரிக்குப் போன் செய்ய வேண்டும் என்பது பலகையில் ஏறவே இல்லை. அது ஒரு வேலை என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேக் வந்தது. ஆகவே அது வரும்.

“மழை மாதிரி அதுவா வரும்னு நெனச்சுட்டோம்,” என்றார் கிளெனிஸ்.

“இந்த ஊர்ல மழையே அதுவா வராது. கேக்கு வருமா?” என்றான் வின்ஸ்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. ஹீத்தும் சிரித்தான், சிரிக்க வேண்டிய இடம் என்பதால். சிரிப்பு அடங்கியதும் பேக்கரிக்குப் போன் போட்டார்கள். அவ்வளவு கேக்குக்கு இரண்டு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு டஜனைக் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கிளெனிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

வின்ஸுக்குத்தான் அது தோன்றியது. காட்டுத்தீ வந்தால் தகவல் சொல்ல ஒரு போன் வரிசை உண்டு. ஒரு வீடு நான்கு வீட்டுக்குச் சொல்லும். அந்த நான்கும் ஆளுக்கு நான்கு. இருபது நிமிடத்தில் ஊரும் சுற்றியுள்ள பண்ணைகளும் விழித்துக்கொள்ளும். அதை ஏற்படுத்தியதும் மார்னிதான். குளிர்காலத்தில் அதை யாரும் தொட்டதில்லை. வின்ஸ் முதல் நான்கு வீட்டுக்குப் போன் செய்தான். பதறி எழுந்தவர்களிடம், தீ இல்லை, ஆனால் உங்கள் அடுப்பு வேண்டும், ஒன்பது மணிக்குள் ஸ்பாஞ்ச் கேக், எத்தனை முடியுமோ அத்தனை என்றான். ஒரு வீட்டில் ஏற்கெனவே தண்ணீர்க் குழாயை வாசலுக்கு இழுத்துவிட்டார்களாம்.

கேக் சூடாக இருந்தால் சாக்லேட்டில் முக்கும்போது உதிர்ந்துவிடும். ஒரு நாள் பழசாக இருக்க வேண்டும். அதற்குக் கறிக்கடைக்காரர் வழி சொன்னார். கடையின் உறைபெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்தால் ஒரு நாள் பழசுக்குச் சமம், ஆட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன் என்றார்.

எட்டரைக்குத் தீயணைப்பு வண்டி கேக் சேகரிக்கக் கிளம்பியது. வின்ஸ் ஓட்டினான். வடக்குப் பக்கத்துப் பண்ணைப் பாதைகள் ஹீத்துக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவனையும் ஏற்றிக்கொண்டான். நடுவில் பிப். சைரன் வேண்டாம் என்று கிளெனிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் வின்ஸ், பிப்பைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

ஒவ்வொரு வாசலிலும் கேக்கோடு மார்னியைப் பற்றி ஒரு கதையும் கொடுத்தார்கள். கோழிப்பண்ணை வீட்டம்மா வருடாவருடம் விவசாயக் கண்காட்சியில் ஸ்பாஞ்சுக்கு முதல் பரிசு வாங்குகிறவர். மகளைக் கட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் தட்டைத் தூக்கிக் கொடுத்தார். மேலே விரல் படக்கூடாது என்றார். அதைத் துண்டு துண்டாக வெட்டப்போகிறார்கள் என்று சொல்ல ஹீத்துக்கு மனம் வரவில்லை. அவர் சொன்ன கதை: மார்னி பதினொரு வருடத்துக்கு முன் ஏணி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஹாலுக்குள் போனாளாம், அங்கே நீச்சல் குளக் கூட்டம் நடந்துகொண்டிருந்ததாம், வெளியே வரும்போது செயலாளராக வந்தாளாம். ஏணியும் அவள் கையில்தான் இருந்ததாம். அடுத்த வீட்டில் இருப்பவர் வருடாவருடம் இரண்டாம் பரிசு வாங்குகிறவர். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, தன் கேக்கை அந்தக் கேக்குக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்றார். அதைப் பிப் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆல்ஃப் டன்ஸ்டன் தனி ஆள். எழுபது வயது. கையில் பாக்கெட் மாவில் செய்த ஒரு கேக். ஓரமெல்லாம் கருப்பு.

“கொஞ்சம் நெறம் கூடிப்போச்சு,” என்றார்.

“சாக்லேட்டுல முக்கினா எல்லாம் ஒரே நெறம்தான், ஆல்ஃப்,” என்றான் வின்ஸ்.

மார்னி நான்கு வருடம் ஆல்ஃபுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாளாம். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு வாணலியைக் கொண்டுவந்து வைத்து, உனக்கு இரண்டு கை இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, வெங்காயம் நறுக்கு என்றாளாம். பிப் அப்போது கைக்குழந்தை. அடுப்படித் தரையில் கூடையில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. குழந்தையையும் பார்த்துக்கொள், வெங்காயத்தையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு மார்னி அடுத்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கப் போய்விட்டாள். “ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா. ரெண்டு பேரும் அழுதுட்டிருந்தோம். எனக்கு வெங்காயம். இவளுக்கு என்னன்னு இன்னைக்கும் தெரியல.” பிப்பைப் பார்த்துச் சொன்னார். பிப் சிரித்தாள். ஆல்ஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவ கடைசியா சொன்ன மாதிரி, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும்.”

பிப் சிரிப்பதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி ஹீத்தைப் பார்த்தாள். அவன் கதவைச் சாத்தினான்.

திரும்பும் வழியில் வின்ஸ் பாறைமேட்டுத் தீயைப் பற்றிப் பேசினான். மார்னி பதினோரு மணி நேரம் எழுந்திருக்காமல் தீயணைப்பு நிலைய வயர்லெஸ் முன் இருந்தாள். இரண்டு வயதுப் பிப் மேசைக்கு அடியில், சுருட்டிவைத்த தண்ணீர்க் குழாய் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். வின்ஸ் அன்று தலைசுற்றி விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு, மூன்று மாவட்டத்துப் படைகளும் கேட்டுக்கொண்டிருந்த அலைவரிசையில் அவள் குரல் வந்தது: வின்ஸ், தண்ணி குடி, மடையா. இன்னமும் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் அவனை எங்கே பார்த்தாலும் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறார்கள்.

“தப்பா எடுத்துக்காத ஹீத். அந்தக் கடைசி வார்த்த இருக்கே, அத நெனச்சா அழுகையா வருது. ஆனா அவ வாயில அது எப்படி வந்துச்சுன்னுதான் புரியல,” என்றான்.

ஹீத் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் என்றான்.

பத்து மணிக்கு ஹாலில் வேலை சூடுபிடித்திருந்தது. புதுச் சங்கடமும் கூடவே வந்தது. வீட்டு கேக்கெல்லாம் வட்டம். வட்டத்தில் சதுரம் வெட்டினால் கால்வாசி ஓரம் வீண். லாமிங்டன் என்றால் சதுரம், அதில் பேச்சே இல்லை என்றார் கிளெனிஸ். அரை மணி நேரம் சதுரமாகவே வெட்டிப் பார்த்தார். எண்ணிக்கை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு மட்டும் முக்கோணம், வெளியூரில் யாரும் சொல்லக்கூடாது என்றார். ஒரு கேக் உள்ளே பச்சையாக இருந்தது. இன்னொன்றின் நடுவில் பாஷன் பழக் கூழ் இருந்தது. ஆல்ஃபின் கேக்கை வெட்ட ரொட்டிக் கத்தி போதவில்லை. கோழிப்பண்ணைக் கேக்கும் அடுத்த வீட்டுக் கேக்கும் ஒரே பெட்டியில் ஆறுக்கு ஆறாகப் போய்ச் சேர்ந்தன. எது எதுவென்று இனி எந்த நடுவராலும் சொல்ல முடியாது.

ஆள் போதாததால் கிளெனிஸ், வின்ஸைச் சாக்லேட் பக்கம் வரச் சொன்னார். அவன் எழுந்தான். இரண்டடி வைத்தான். “வேண்டாம். பாத்துக்கிட்டே இருப்பா,” என்று திரும்பப் போய் உட்கார்ந்தான். ஹாலில் ஒரு பெரிய சிரிப்பு. பத்து வருடமாகத் தேங்காய்ப் பக்கமே இருந்த ஹீத்தைச் சாக்லேட் பக்கம் உட்காரவைத்தார்கள். அவன் முள்கரண்டியில் ஒரு முக்கோணத்தைக் குத்தி, முக்கி, சொட்ட விட்டு, எதிர்ப்பக்கம் உருட்டினான். இன்னொன்று. இன்னொன்று. கைக்கு வேலை இருந்தது. சுற்றிலும் எல்லோரும் மார்னியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியது, பிடிவாதம் பிடித்தது, பள்ளி நாடகத்துக்குத் தீயணைப்பு உடுப்போடு ஓடிவந்து முதல் வரிசையில் புகைவாடையோடு உட்கார்ந்தது, பிப் மரமாக நின்ற நாலு நிமிடத்துக்கும் கைதட்டியது. பேசியதெல்லாம் உண்மை. எல்லாவற்றிலும் அவள் அவளாகவே இருந்தாள். அவன் கொடுத்த வரியில் மட்டும் அவள் இல்லை.

பதினொன்றே காலுக்கு டீ. கிளெனிஸ் கையைக் கழுவித் துடைத்து, ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாளையும் பென்சிலையும் எடுத்தார். புதுச் சமையலறை மேடைக்கு முன் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மார்னியின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், அதன் கீழே அந்த வரி.

“சரின்னு ஒரு தலையாட்டு கண்ணு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

பிப் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாயைச் சுற்றி சாக்லேட். அவள் தாளைப் பார்க்கவில்லை. கிளெனிஸைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

“அவ அத சொல்லல,” என்றான் ஹீத்.

“எத?”

“அந்த வரிய. நானா சொன்னேன். நீங்க கேட்டீங்க. எனக்கு வாயில அதுதான் வந்துச்சு.”

கிளெனிஸ் தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“நான் அத ரெண்டு சாவு வீட்டுல வேற சொல்லிட்டேனேப்பா,” என்றார்.

“என் கடைப் பலகையில நாலு மாசமா இருக்கு,” என்றார் கறிக்கடைக்காரர்.

வின்ஸ் தேங்காய்த் துருவலுக்குள் முகத்தைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று முதலில் தெரியவில்லை. பிறகு சத்தம் வந்தது. சிரிப்புதான். அது மேசை மேசையாகப் பரவியது.

“எனக்குத் தெரியும்,” என்றாள் பிப், யாரிடமென்று இல்லாமல். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிசுபிசுவென்றிருந்தது. “நெசமா என்ன சொன்னாப்பா?”

ஹீத் உட்கார்ந்தான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், மருத்துவமனை ஜன்னலிலிருந்து தொடங்கினான்.

நாலு படுக்கைகள் போட்ட அறை. இரண்டாவது மாடி. மார்னியின் படுக்கை ஜன்னலோரம். கீழே தெருவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தக்கூடாது. நகரசபை ஆள் ஒருவன் சாக்பீஸோடு வந்து ஒவ்வொரு டயரிலும் கோடு போட்டுவிட்டுப் போவான். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவான். கோடு அதே இடத்தில் இருந்தால் அபராதச் சீட்டு. மார்னி அங்கே சேர்ந்த மூன்றாம் நாளே அவனுடைய நேரம் முழுவதையும் கண்டுபிடித்துவிட்டாள். எந்த வண்டி யாருடையது என்று கேட்டுவைத்துக்கொண்டாள். அவன் தெருமுனையில் தலையைக் காட்டியதும் அறை முழுவதுக்கும் அறிவிப்பு போகும். பக்கத்து அறைக்கு நர்ஸ் வழியாகப் போகும். ஆறு வாரத்தில் அந்த மாடிக்கு வந்துபோன ஒருவரும் அபராதம் கட்டவில்லை. கடைசியில் சாக்பீஸ்காரனே அண்ணாந்து பார்த்துக் கையசைக்கத் தொடங்கிவிட்டான்.

“அங்கயும் செயலாளரா?” என்றார் ஆல்ஃப், கதவருகிலிருந்து. தன் கேக் என்ன ஆனது என்று பார்க்க வந்திருந்தார். ஹால் மறுபடி சிரித்தது. ஹீத்தும் சிரித்தான். இந்த முறை சிரிக்க வேண்டிய இடமா என்று அவன் பார்க்கவில்லை.

டாக்டர்கள் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அன்று மதியம் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவன் அவள் கையை விட்டுவிட்டுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து, பேசினாள். அவன் கீழே போனான். திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஒரு வண்டி என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இரண்டு வண்டி. மேலே வந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் வெளியே நின்றிருந்தாள்.

“நான் அங்க இல்ல. அதான் யார்கிட்டயும் சொல்லல,” என்றான். மூக்கு ஒழுகியது. ஏப்ரனால் துடைத்தான். முகத்தில் சாக்லேட் ஒட்டிக்கொண்டது.

பிப் யோசித்தாள். “அம்மா போன்னு சொன்னா போய்த்தான ஆகணும்,” என்றாள்.

“நான் முள்கரண்டிய நக்குனதுக்கே எட்டு வருஷம்,” என்றான் வின்ஸ்.

கிளெனிஸ் மேடைமேல் தாளை விரித்தார். அந்த வரியைப் பென்சிலால் அடித்தார். ஒரு முறை போதாமல் இரண்டு முறை அடித்தார். கீழே வெற்றிடத்தில் பென்சில் முனையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

“மெதுவாச் சொல்லு கண்ணு. அவ சொன்னபடியே. ஒரு எழுத்து மாத்தக்கூடாது.”

ஹீத் பிப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சொன்னான்.

“ஹீத், சாக்பீஸ்காரன் வந்துட்டான், போய் வண்டிய மாத்திப் போடு. அப்படியே மூணாம் படுக்கைக்காரரோட மகன் அங்க நாற்காலியில தூங்கறான் பாரு, அவன எழுப்பாத, சாவிய மட்டும் எடுத்து அவனோடதையும் மாத்திப் போட்டுட்டு வா.”